சிதம்பரம் கடைக்கு வினோதினி சொன்ன விலை

ஒரு பொருள் பார்த்ததும் பிடித்துவிட்டால் வினோதினிக்கு உடனே சந்தேகம் வந்துவிடும். அப்பாவின் கேபிள் டிவி தொழில் படுத்தபோது வங்கித் தேர்வுக்குப் படிப்பதை விட்டுவிட்டு அதை எடுத்து நடத்தியவள் அவள். இன்று திருப்பாதிரிப்புலியூர் வீடுகளுக்குத் தம்பி இளவரசோடு சேர்ந்து ஃபைபர் இணையம் கொடுக்கிறாள்.

சிதம்பரத்தில் தில்லைநாதன் தன் கம்பெனியை விற்கப் போவதாகக் கேள்விப்பட்டதும் அவளுக்கு ஆசை வந்தது. தொலைத்தொடர்புக் கருவிகளை விற்பதோடு பழுதும் பார்த்துத் தரும் கம்பெனி அது. அதை விற்றுவிட்டுக் கோவையில் மகளோடு போய் இருக்க நினைத்தார். அறுபது லட்சம் கேட்டார்.

இருவரும் நேரில் போனார்கள். அவர் சரக்கறையில் இளவரசு பெட்டிகளைப் பிரித்துப் பார்த்தான்.

"அக்கா, பாதி பழைய மாடல். இத எவன் வாங்குவான்? வா, போலாம்."

"சரக்குக்கு அவ்ளோ தேறாதுடா. கஸ்டமருங்கதான் வெலன்னு சொல்றாரு. அவுங்களப் பாத்துட்டு வரேன்."

கீழவீதி லாட்ஜுக்குப் போனாள். புவனகிரியில் ஒரு ஆஸ்பத்திரி, கிள்ளையில் ஒரு இறால் பண்ணை. இணைப்பு போனால் யாரைக் கூப்பிடுவீர்கள் என்று எல்லா இடத்திலும் கேட்டாள்.

பண்ணைக்காரர் சிரித்தார். "கம்பெனி பேரு போர்டுல என்னமோ இருக்கும். நமக்கு பிரிசில்லாதான். மழையில படகேறி வந்து சரி பண்ணிக் குடுத்த பொண்ணு."

பிரிசில்லா அந்தக் கம்பெனியின் பழுதுபார்க்கும் பிரிவுக்குப் பொறுப்பாளர். கடை விற்பனைக்கு வந்திருப்பது அவளுக்குத் தெரியாது. அவளிடம் சொல்லாமல் மேற்கொண்டு பேச முடியாது என்று வினோதினி பிடிவாதமாக நின்றாள். வேறு வழியில்லாமல் தில்லைநாதன் அவளை அழைத்து விஷயத்தைச் சொன்னார்.

பிரிசில்லாவின் முகம் சிவந்துவிட்டது. "என்னையும் சேத்துத்தான் வெல சொன்னீங்களா சார்? புதுச்சேரியில வேலைக்குக் கூப்புட்டப்பகூட உங்கள விட்டுட்டுப் போவலியே நான்."



வாடிக்கையாளர்கள் நிற்பது கடைக்காக அல்ல, பிரிசில்லாவுக்காக என்ற கணக்கு வினோதினிக்குப் புரிந்துவிட்டது. "நாப்பது லட்சம் தரேன் சார். இவுங்களுக்குப் பத்துல ஒரு பங்கு உண்டு, எழுத்துல."

இளவரசு அவளை வெளியே இழுத்துப் போனான். "நாம காசு போட்டு வாங்குறோம். அவுங்களுக்கு எதுக்குக்கா பங்கு?"

"நாளைக்கு அவுங்க எழுந்து போயிட்டா நம்மகிட்ட என்னடா இருக்கும்? பழைய டப்பாதான்."

திரும்பி உள்ளே வந்தபோது தில்லைநாதன் கோபத்தில் இருந்தார். "இந்த வெலைக்குக் குடுக்குறதுக்குக் கடைய பூட்டிட்டே போவேன்."

"அதுக்கு மேல எனக்குக் கட்டாது சார்" என்று எழுந்துவிட்டாள்.

பேருந்தில் இளவரசு மெல்ல ஆரம்பித்தான். "பிரிசில்லாவ மட்டும் நம்மகிட்ட கூப்டுக்கலாமே?"

"கடை அவரோடதா இருக்குற வரைக்கும் கூப்புட மாட்டேன்."

சொல்லிவிட்டாளே தவிர, வெள்ளாற்றுப் பாலம் தாண்டும்வரை சிதம்பரம் பக்கமே திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அந்தக் கடை அவளுக்கு வேண்டும். ஆனாலும் விலையை ஏற்ற மனம் வரவில்லை.

பிறகு விழுப்புரத்திலிருந்து ஒருவர் வந்து பார்த்தார். சரக்கை மட்டும், அதுவும் அடிமாட்டு விலைக்குக் கேட்டார். அவர் போன மறுநாள் தில்லைநாதன் போன் செய்தார்.

"நாப்பத்தஞ்சுன்னு முடிச்சிக்கலாம்மா."

"நாப்பது சார்."

 "சரிம்மா, நாப்பதே இருக்கட்டும். பிரிசில்லாகிட்ட நீயே பேசிடும்மா, எனக்குக் கஷ்டமா இருக்கு" என்றார்.

பிரிசில்லா உடனே தலையாட்டிவிடவில்லை. பத்தில் ஒரு பங்கு போதாது, ஐந்தில் ஒன்று வேண்டும், எந்தக் கருவி வாங்குவது என்பதைத் தானே முடிவு செய்ய வேண்டும் என்றாள். வினோதினி ஒரு இரவு யோசித்து ஒப்புக்கொண்டாள். இளவரசு இரண்டு நாள் அக்காவோடு பேசவில்லை.

கடை கைமாறியது. பழைய பெட்டிகள் நட்டத்துக்குத்தான் போயின. லாட்ஜ்காரர் வேறு கம்பெனிக்கு மாறிவிட்டார். ஆஸ்பத்திரியும் பண்ணையும் இவர்களோடேயே இருந்தன. அவர்கள் சொல்லி, பரங்கிப்பேட்டைப் பக்கம் புதிதாகச் சில பண்ணைகளும் வந்தன. கொடுத்த விலை இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. ஜாஸ்தி கொடுத்துவிட்டோம் என்று இளவரசு இப்போதும் சொல்வான். சொல்லிவிட்டு, கருவி ஏதாவது வாங்க வேண்டுமென்றால் முதலில் பிரிசில்லாவுக்குத்தான் போன் போடுகிறான்.