மெத்தை இருக்கைப் பெட்டிகள்

எந்த ரயிலுக்கு எந்தப் பெட்டி என்று முடிவு செய்வதுதான் அவள் வேலை. அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் பெட்டிக்காரம்மா.

அவள் அக்கா துணி ஆலையில் இஸ்திரி போடுகிறவள். அக்கா போகும் காலை ரயிலில் அகலக் கதவும் சுவரோரம் பலகையும் வைத்த பழைய பெட்டிகள்தான். முக்கால்வாசிப் பேர் நின்றுகொண்டே போவார்கள்.

"ஆலையிலயும் நிக்கிறேன், ரயில்லயும் நிக்கிறேன். ஊருக்கெல்லாம் பெட்டி பங்கு போடுறியே, கூடப்பிறந்தவளுக்கு ஒரு சீட்டு கிடைக்காதாடி?" என்றாள் அக்கா ஒருநாள். விளையாட்டாகச் சொன்னதுதான். தங்கைக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து விரைவு வண்டி ஒன்றிலிருந்து மெத்தை இருக்கைப் பெட்டிகள் மிச்சமாயின. மேலாளர் அறைக்கு நடையாய் நடந்து, அவற்றைக் காலை ரயிலுக்கு வாங்கிவிட்டாள்.

"காலை நீட்டிக்கிட்டு வந்தேன்டி!" முதல் நாள் போனில் அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அக்கா ஏறுவது பாதையின் முதல் நிலையத்தில். நாலைந்து நிலையம் தாண்டுவதற்குள் இருக்கைகள் நிரம்பிவிட்டன. கதவும் குறுகல், நடைவழியும் குறுகல், நிற்கக்கூட இடமில்லை. அதற்கப்புறம் வரும் நிலையங்களில் காத்திருந்தவர்கள் ஏற முடியாமல் நடைமேடையிலேயே நின்றுவிட்டார்கள். ஆலை வாசல் யாருக்காகவும் காத்திருக்காது. கைக்குழந்தைக்காரி ஒருத்திக்கு வேலையே போயிற்று.

பெட்டிக்காரம்மாவுக்கு இது தெரியாததல்ல. நின்றுகொண்டு போகிறவரும் பயணிதான், அவருக்கும் இடம் ஒதுக்க வேண்டும் என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். அக்கா என்றதும் கண் மறைத்துவிட்டது.

பெட்டியை மாற்றியது அவள் தங்கைதான் என்று தெரிந்து, ஆலையில் கோபம் அக்கா மேல் திரும்பியது. "வாங்க, ரயிலுக்குச் சொந்தக்காரங்க!" என்றார்கள். சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் உட்கார ஆளில்லை.

பழைய பெட்டிகளைத் திருப்பிக் கேட்டாள் தங்கை.

"அதெல்லாம் வேற பாதைக்குப் போயாச்சும்மா" என்றார் மேலாளர். "இப்பதான் நெரிசல்னு ஒரு புகாரும் வர்றதில்லையே?"

ஏற முடியாதவர்கள் எங்கே வந்து புகார் சொல்வார்கள்? பேருந்துக்கு மாறிவிட்டார்கள். பிறகு, பயணிகள் பாதியாகக் குறைந்துவிட்டார்கள் என்று அந்தக் காலை ரயிலையே நிறுத்தினார்கள். அதில் மிச்சமான பெட்டிகளை மற்ற ரயில்களுக்குச் சிக்கனமாகப் பிரித்துக் கொடுத்ததற்காக அவளுக்குப் பதவி உயர்வு வந்தது. வேண்டாமென்று அவள் சொல்லவில்லை.

அக்காவைப் பார்க்கப் போனபோது, அக்கா ஆலையை விட்டே நின்றிருந்தாள்.

"மன்னிச்சிடுக்கா. உனக்கு நல்லது பண்ணலாம்னுதான்..."

அக்கா துணி மடித்துக்கொண்டே இருந்தாள்.

"ரெண்டு திட்டாவது திட்டுக்கா."

"திட்டினா உனக்கு மனசு ஆறிடும். அதான் திட்டல."

அக்கா வீட்டுக்காரர் பேருந்து நிறுத்தம்வரை கூட வந்தார். அடுத்த வாரம் அவள் அக்காவுக்குப் போன் செய்தபோது எடுத்தது அவர்தான்.

"அக்கா வேலையா இருக்காம்மா" என்றார்.

அதற்கடுத்த முறையும் அவர்தான் எடுத்தார்.