ஜீப் சத்தத்துக்கு எழாத அக்கா

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. திதிக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் ஊராருக்கும் அக்காவோடு வேலை பார்த்த பெண்களுக்கும் தங்கையாகிய நான் இந்த வரிகளைப் பணிந்து தருகிறேன். இம்மலரின் முகப்பிலுள்ள படம் வாக்காளர் அட்டைக்காக எடுக்கப்பட்டது. தனியே நின்று படம் எடுத்துக்கொள்ள அக்காவுக்கு வேறு சந்தர்ப்பம் வாய்க்கவில்லை.

வெம்பக்கோட்டைக்கு மேற்கே, மழையை நம்பிப் பருத்தி விதைக்கும் ஊரில் அக்கா பிறந்தார். பெற்றோர் பிறர் புஞ்சையில் கூலி வேலை செய்தவர்கள். மழை தொடர்ந்து பொய்த்த காலத்தில் அக்காவின் படிப்பு நின்றது. விடியுமுன் தெருவுக்கு வரும் தீப்பெட்டி ஆபீஸ் வேனில் அவர் ஏறினார்; என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். நாரணாபுரத்தில் வாழ்க்கைப்பட்ட பின் பட்டாசு ஆலைக்கு மாறினார். அத்தான் அதே ஆலையில் போர்மேனாக இருந்தார்.

விருதுநகரில் நான் பொருளாதாரம் படித்தபோது, ‘சந்தையில் அரசுக்கு என்ன வேலை?’ என்ற தலைப்பில் கல்லூரியில் பேச்சுப் போட்டி வைத்தார்கள். முதலாளித்துவம், சோசலிசம் என்று நான் எழுதி வைத்திருந்ததை அக்கா வீட்டில் வாசித்துக் காட்டினேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தான் உடனே பிடித்துக்கொண்டார்.

“முதலாளி கம்பெனி வைக்கலேன்னா இந்தக் கரிசக்காட்டுல எவன் சோறு போடுவான்? கவர்மெண்டு ஒதுங்கி நின்னாலே போதும்.”

“இப்பம் தட்டுல கெடக்குறது யாரு அரிசி?” என்றார் அக்கா. “ரேசன் அரிசிய அள்ளித் தின்னுக்கிட்டே கவர்மெண்டு வேணாங்கீக!”

“அரிசி போடட்டும். ஆலைக்குள்ள எதுக்குத் தலைய நீட்டுது?”

“ஒங்க வயித்துக்குள்ள வரலாம், எங்க ரூமுக்குள்ள வரக்கூடாதாக்கும்?”

போட்டி முடிந்த பிறகும் அந்த வீட்டில் விவாதம் முடியவில்லை. அவர்களுக்கு அது கல்லூரித் தலைப்பு அன்று. சட்டப்படி நான்கு பேருக்கு மேல் இருக்கக்கூடாத ஆலை அறையில், தீபாவளி சீசனில் எட்டு, பத்துப் பேர் உட்கார்ந்து பட்டாசுச் சரம் பின்னினார்கள். சோதனைக்கு அதிகாரிகளின் ஜீப் வரும் சத்தம் கேட்டால், அதிகப்படியான பெண்கள் பின்வாசல் வழியே கருவேலங்காட்டுக்குள் ஓடி, ஜீப் திரும்பும்வரை முந்தானையால் தலையை மூடி உட்கார்ந்திருப்பார்கள். அக்காவும் பல ஆண்டுகள் ஓடியவர்தான்.

பக்கத்து ஊர் ஆலையில் அப்படி நெருக்கி உட்கார்ந்திருந்த ஓர் அறை முழுவதும் ஒருநாள் கருகிப்போனது. துக்கம் கேட்டுத் திரும்பிய அக்கா அத்தானிடம், “நம்மளக் காப்பாத்த வர்றவுகளக் கண்டு நாமளே ஓடுறோம். இனி ஜீப்பு வந்தா நான் எந்திரிக்க மாட்டேன்” என்றார்.

“எந்திரிக்கலேன்னா பூட்டிருவாக. பூட்டுனா ஒனக்கு மட்டுமா வேலை போகும்? அம்புட்டுப் பேரு அடுப்பும் அணையும். யோசிச்சுக்கோ” என்றார் அத்தான்.

அக்கா யோசித்தார் என்பதற்கு நான் சாட்சி. அந்த வாரம் முழுவதும் அவர் வீட்டில் சிரிக்கவில்லை.

ஜீப் வந்தது. மற்றவர்கள் ஓடினார்கள். அக்கா உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். கேட்ட அதிகாரியிடம், “இந்த ரூமுக்கு நான் அஞ்சாவது ஆளுங்க. மத்தவுக கருவேலங்காட்டுல இருக்காக. வெயிலா இருக்கு, கூப்பிட்டுருங்க” என்றாராம்.

ஆலைக்குச் சீல் வைத்தார்கள். சீசன் போனது, அதன் பிறகும் கதவு திறக்கவில்லை. அத்தானுக்கும் வேலை போயிற்று. அதே ஆலையில் வேலை பார்த்த அடுத்த வீட்டு வேலம்மாள் மதினி வாசலில் வந்து நின்று, “ஒரு எட்டு எந்திரிச்சு வந்திருந்தா என்னடி கொறைஞ்சு போயிருப்ப?” என்று கேட்டுவிட்டுப் போனார். அன்றோடு அவர் அக்காவிடம் பேச்சை நிறுத்தினார். குழாயடியில், “சட்டம் தண்ணி பிடிக்க வருது, வழி விடுங்கடி” என்றார்கள். அக்காவும் அவர்களோடு சேர்ந்து சிரிப்பார். வீட்டுக்கு வந்து, இடுப்புக் குடத்தை இறக்காமல் வெகுநேரம் நிற்பார்.

இதில் யார் சொன்னது சரி என்று ஓராண்டாக எடை போட்டுப் பார்க்கிறேன். அறைக்கு நான்கு பேர் என்ற சட்டம் சரியானது. அதற்காக எழாமல் உட்கார்ந்திருந்த அக்காவும் சரியானவர். பூட்டினால் அடுப்பணையும் என்ற அத்தானின் சொல்லும் அப்படியே பலித்தது. பூட்டுவதற்கு ஒரு ஜீப் வந்தது. பூட்டிய வாசலில் நின்ற பெண்கள் நாளை எதைத் தின்பார்கள் என்று கேட்க இன்னொரு ஜீப் வரவில்லை. அரசு பாதி வழி வந்து நின்றுகொண்டது. மீதியைச் சந்தை பார்த்துக்கொண்டது.

சந்தை பார்த்துக்கொண்ட விதம் இது. உரிமம் பெற்ற எந்த ஆலையும் அக்காவைச் சேர்க்கவில்லை. ஆனால் வெம்பக்கோட்டைக்கு அப்பால், சோளக்காட்டின் நடுவே, பெயர்ப்பலகை இல்லாத ஒரு தகரக் கொட்டகைக்கு ஆள் தேவைப்பட்டது. வேலையிழந்த பெண்கள் அங்கே போனார்கள். வேலம்மாள் மதினியும் போனார், அக்காவும் போனார். ஒரே கூரையின் கீழ் முகம் பார்க்காமல் வேலை செய்தார்கள். போகாதே என்று நான் அழுதபோது அக்கா சொன்னார்: “அங்கன ஓட வேண்டிய தேவையே இல்லத்தா. எந்த ஜீப்பும் வராது.”

புரட்டாசி வெயிலில் அந்தக் கொட்டகை வெடித்தது. கதவோரம் இருந்தவர்கள் தப்பினார்கள்; போலீசில் மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தில் சோளக்காட்டுக்குள் சிதறி ஓடினார்கள். உள்பக்கம் இருந்த அக்கா மட்டும் தீயில் அகப்பட்டுக்கொண்டார். சாலையில் போன ஒரு லோடு வேன்காரர்தான் அக்காவை ஏற்றிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்.

மதுரையில் அரசாங்க ஆஸ்பத்திரிக் கட்டிலருகே அத்தான் தலைகுனிந்து, “நீ சொன்னதுதான் சரி” என்றார். அக்காவின் உதடு வீங்கியிருந்தது. “தோத்துப் போயிறாதீக” என்றார். “எதிர்ப்பேச்சுக்கு ஆளு இல்லேன்னா நான் யாருகூடப் பேச?” அதுதான் அவர் தெளிவாகப் பேசிய கடைசிப் பேச்சு.

இறந்த பிறகும் அக்காவை விடவில்லை. கொட்டகையை நடத்தியவர், தமது இடம் காலியாகக் கிடந்ததாகவும், அக்காவே திருட்டுத்தனமாக நுழைந்து தம் சொந்த வியாபாரத்துக்கு வெடி சுற்றியதாகவும் சொன்னார். அங்கே வேலை பார்த்தோம் என்று சொல்ல ஒருவரும் முன்வரவில்லை. சொல்பவருக்கு எந்த ஆலை வேனிலும் இனி இடமிருக்காது என்பது எல்லோருக்கும் தெரியும். அறைக்கு நான்கு பேர் என்ற சட்டத்துக்காக உட்கார்ந்திருந்தவர், சட்டத்தின் முன் திருட்டு முதலாளி ஆகப்போகிறார் என்று நானும் அத்தானும் செய்வதறியாது கிடந்தோம்.

பதினாறாம் நாள் காரியத்தன்று, பந்தலில் பெண்கள் உட்கார்ந்திருந்தபோது தெருமுனையில் ஜீப் சத்தம் கேட்டது. விசாரணைக்கு வந்த அதிகாரிகள். நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்: பந்தலில் இருந்த அத்தனை பெண்களும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். இருவர் கொல்லைப் பக்கம் போயே விட்டார்கள். யாரும் அவர்களை விரட்டவில்லை. கால்கள் தாமாக எழுந்துவிட்டன.

“எங்கன ஓடுறீக?” என்று ஒரு குரல் கேட்டது. வேலம்மாள் மதினி. எழுந்து நின்றிருந்த அவர், அக்காவின் படத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, தரையில் கையூன்றி மறுபடி உட்கார்ந்தார். “அவ இருக்காள்ல இங்கன. உக்காருங்கடி.”

அதிகாரி பந்தலுக்குள் வந்தார். “அந்தக் கொட்டகையில நானும் இருந்தேன்யா” என்றார் மதினி. “அவ வியாபாரம் பண்ணல. எங்களோட கூலிக்கு வந்தவ.” பின்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்து, தாங்களும் அங்கே இருந்ததைச் சொன்னார்கள். போன இருவரும் திரும்பி வந்தார்கள்.

அக்காவின் பெயர் மீண்டது. அப்படிச் சொன்னவர்கள் எவரையும் இன்றுவரை எந்த வேனும் ஏற்றவில்லை. இதற்கு வழி என்ன என்று நான் படித்த படிப்பில் தேடிக்கொண்டே இருக்கிறேன், அகப்படவில்லை. அத்தான் இப்போது சாப்பாட்டுத் தட்டின் முன் அக்காவின் பக்கத்தையே பேசுகிறார். மறுத்துப் பேச எனக்கு வாய் வருவதில்லை.

அக்காவைச் சுமந்து சென்ற லோடு வேன்காரருக்கும், ரத்தம் கொடுத்த ஊர்ப் பிள்ளைகளுக்கும், இரவும் பகலும் பார்த்துக்கொண்ட செவிலியருக்கும், காலண்டர் சீசனின் நெருக்கடியிலும் இம்மலரை அச்சிட்டுத் தந்த சிவகாசி அச்சகத் தொழிலாளர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது.

வேலம்மாள் மதினிக்கும், அன்று எழுந்து நின்று பிறகு உட்கார்ந்த ஒவ்வொருவருக்கும் நன்றி என்ற சொல் போதாது. இன்றைய பந்தியில் முதல் வரிசை உங்களுடையது. தெருவில் எந்தச் சத்தம் கேட்டாலும் எழுந்திருக்காமல், இருந்து சாப்பிட்டுப் போங்கள்.