214-ஆம் எண் சம்மனசு

மர்பி டவுன் ஓஸ்வால்டுக்குப் படம் வரையத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் வெள்ளைக்காரப் பட்டாளம் இருந்த கன்டோன்மென்ட் முழுக்க அவரைப் பெரிய ஓவியர் என்று நம்பியது, அவரும் மறுத்ததில்லை. கல்யாணப் பத்திரிகையின் அன்னம், சோப்பு உறையின் தாமரை, சோடா லேபிளின் பனிமலை எல்லாமே அவர் கைவண்ணம் என்று பேச்சு. உண்மையில் அவை கப்பலில் வந்தவை. ஐரோப்பாவில் ஒரு கம்பெனி, படம் செதுக்கிய உலோகத் தகட்டை மரக்கட்டையில் அறைந்து, எண் போட்டு, வருஷ ஒப்பந்தத்தில் அச்சகங்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. பிளாக் என்பார்கள். ஒப்பந்தம் இருக்கும்வரை எவ்வளவு வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளலாம், கட்டை மட்டும் கம்பெனிக்குச் சொந்தம். சுந்தரராமனின் அச்சகத்தில் அப்படி அறுநூறு பிளாக்குகள் இருந்தன. எதை எதோடு சேர்ப்பது என்று பார்ப்பதுதான் ஓஸ்வால்டின் வேலை.

வேலை என்ன வேலை, அந்த இழுப்பறைகளுக்குள்தான் மனிதர் குடியிருந்தார். காலையில் அல்சூர் ஏரிக்கரையோடு நடந்து வருவார். பனிமூட்டத்துக்குள் ஒரு பறவை அசைந்தால், "எண்பத்தெட்டு" என்று வாய் முணுமுணுக்கும். மூட்டம் கலைந்து சூரியன் தண்ணீரில் விழுந்தால், "பன்னிரண்டு, மை கொஞ்சம் ஜாஸ்தி." அவர் கண்ணுக்கு ஏரியும் ஆகாயமும் யாரோ அடுக்கிவைத்த கட்டைகள். மனைவி கேத்தரின் சொல்லுவாள், இந்த மனுஷனுக்குச் சோற்றுக்குப் பதில் சுண்ணாம்பு போட்டாலும் பிசைந்துதான் சாப்பிடுவார் என்று.

214-ஆம் எண் ஒரு குழந்தைச் சம்மனசு, அதாவது தேவதூதன். சுருள் முடி, கொழுகொழு கன்னம், முதுகில் இரண்டு இறக்கைகள். இறந்தவர்களின் நினைவு அட்டைக்கு அதுதான். ஜெபப் புத்தகத்தில் வைத்துக்கொள்ளும் அந்த அட்டையை, நவம்பரில் வரும் கல்லறைத் திருநாளுக்குப் புதிதாக அடித்துக்கொள்வது இங்கே வழக்கம். இறக்கையில் மை படாமல் மறைத்தால் அதே குழந்தை கிரைப் வாட்டர் லேபிளுக்கும் ஆகும். ஒரே பிள்ளை ஓர் அட்டையில் மோட்சம் போகும், இன்னோர் அட்டையில் வயிற்றுவலி தீர்ந்து சிரிக்கும். யார் வரைந்தது என்று நேரில் யாரும் கேட்டதில்லை.

ஜோசஃபின் மட்டும் கேட்டாள். 1931-இல், பத்து மாசப் பிள்ளை சிரிலைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்து, ஒரு போட்டோகூட இல்லாமல் வந்து நின்றவள். ஓஸ்வால்ட் 214-ஐ அடித்து நீட்டினார். அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"எம் புள்ளையேதான். நீங்களா வரைஞ்சீங்க?"

அவர் தலையாட்டிவிட்டார். அவ்வளவுதான், ஒரு தலையாட்டல். அதன்பிறகு வருஷா வருஷம் அக்டோபரில் அவள் வருவாள். முத்தமிட்டு முத்தமிட்டுப் பழைய அட்டையில் முகம் அழிந்துபோயிருக்கும், புதிதாக ஒரு டஜன் வாங்கிப்போவாள். ஒன்பது வருஷம் அந்த முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைத்துக்கொண்டிருந்தார் ஓஸ்வால்ட்.

1940 அக்டோபரில் கம்பெனியின் மதராஸ் ஏஜென்ட்டிடமிருந்து கடிதம் வந்தது. போரினால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது, எல்லாக் கட்டைகளையும் பத்து நாளில் திருப்பி அனுப்ப வேண்டும், இனி அந்தப் படங்களை அச்சிடுவது குற்றம்.

"ஒண்ணு விடாம அனுப்பிடணும் ஓஸ்வால்ட்," என்றார் சுந்தரராமன். "பிரதி எடுத்து வெச்சுக்கலாம்னு நெனச்சுடாதேயும். கம்பெனிக்காரன் கோர்ட்டுக்கு இழுத்துடுவான்."

வைக்கோல் பரப்பிய பெட்டிகளில் ஓஸ்வால்ட் அவற்றை ஒவ்வொன்றாகப் படுக்கவைத்தார். அன்னம் போயிற்று, நிலா போயிற்று. சம்மனசைக் கொஞ்சநேரம் கையில் வைத்திருந்துவிட்டு அதையும் வைத்தார். மறுநாள் ஏரிக்கரையில் எண் எதுவும் வாயில் வரவில்லை. மூட்டம் மூட்டமாகவே இருந்தது, அதற்குள் பெயரில்லாத பறவை ஒன்று நடந்துபோனது. அவருக்குப் பயமாக இருந்தது, கொஞ்சம் அழகாகவும் இருந்தது. அடுத்த வாரம் ஜோசஃபின் வருவாள் என்ற நினைப்பு வந்ததும் அழகு போய்விட்டது.

யாரோ ஆபீசர் வீட்டுத் தரைக்கு வாங்கி மிஞ்சிய லினோலியம் விரிப்புத் துண்டு ஒன்று அச்சகத்தில் கிடந்தது. அதில் கீறினால் அச்சடிக்கலாம். கீறினார். முதல் குழந்தை பூசணி மாதிரி வந்தது, இரண்டாவது சுந்தரராமன் மாதிரி வந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாக, உளியைக் குறை சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது ஜோசஃபினே வந்துவிட்டாள்.

"எங்கிட்ட படம் இல்ல ஜோசஃபின்," என்றார். "எப்பவுமே இருந்ததில்ல. அது நான் வரைஞ்சது இல்ல. சீமையிலேந்து வந்த கட்டை. உங்கிட்ட பொய் சொன்னேன்."

அவள் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"தெரியும் அண்ணே."

"தெரியுமா?"

"நான் ஆயா வேலை பாக்கறவ. எத்தினி வெள்ளக்காரப் புள்ளைங்கள இந்த இடுப்புல தூக்கியிருக்கேன்! எனக்கு அடையாளம் தெரியாதா? அன்னிக்கி பேப்பரை நீட்டிட்டு நீங்க நின்ன நிலை. அழுதுடுவீங்க போல இருந்துச்சு. இல்லன்னு சொல்ல வாய் வரல. அப்புறம், எதாச்சும் ஒரு மொகம் வேணுமே எனக்கு, முத்தம் குடுக்க."

வெட்கத்தைவிட வேறொன்று ஓஸ்வால்டை அழுத்தியது. ஒன்பது வருஷத்தில் ஒருமுறைகூட அவர் அதைக் கேட்டதில்லை. இப்போது கேட்டார்.

"சிரில் எப்படி இருப்பான்?"

ஜோசஃபின் ஜன்னலைப் பார்த்தாள். யாரும் அவளிடம் கேட்டதில்லை போலிருக்கிறது, பதில் எங்கோ ஆழத்திலிருந்து மெல்ல மெல்ல ஏறி வந்தது.

"மொட்டை," என்றாள்.

"என்னது?"

"வேளாங்கண்ணிக்கு நேந்துகிட்டு மொட்டை போட்டிருந்தோம். முடியே இல்ல. நீங்க வருஷா வருஷம் சுருட்டை முடி வெச்சு அனுப்புறீங்க!" சிரித்தாள். சிரிப்புக்குள்ளேயே அழுகையும் வந்துவிட்டது. "மூக்கு அவங்கப்பா மாதிரி, சப்பை. எடது காது சொல்ப மடிஞ்சிருக்கும். சிரிக்க மாட்டான், மொறைப்பான். யாரு தூக்கினாலும் மொறைப்பான்."

அவள் சொல்லச் சொல்ல ஓஸ்வால்ட் கீறினார். வட்டம் கோணியது. கண் ஒன்று பெரிதாகிவிட்டது. காது மட்டும் எப்படியோ சரியாக மடிந்தது. இறக்கை வேண்டுமா என்று கேட்டதற்கு, "வாணாம், தூக்கினா இடிக்கும்," என்றாள்.

மையைத் தடவி ஓர் அட்டையை அழுத்தி எடுத்து, ஈரம் காயுமுன்னே அவள் கையில் கொடுத்தார். கன்டோன்மென்ட்டில் அதைவிட மோசமான படம் அச்சாகியிருக்காது. மொட்டைத் தலையோடு ஒரு பிள்ளை உலகத்தை முறைத்துக்கொண்டிருந்தது.

ஜோசஃபின் அட்டையை முகத்துக்கு அருகே கொண்டுபோனாள். முத்தமிடவில்லை.

"இத்தினி வருஷமா எங்கடா போயிருந்தே?" என்று அதட்டினாள்.