கம்பி தூக்கிய கவைக்கோல்

பிள்ளைகளே, நம் வாசலில் துணிக்கொடியைத் தாங்கி நிற்கிற மூங்கில் கவைக்கோலின் நுனியில் சைக்கிள் ட்யூப் ஏன் சுற்றியிருக்கிறது என்று சின்னவள் கேட்டாள். துணிக்கொடிக்கு ட்யூப் தேவையில்லைதான். மின்கம்பியைத் தூக்குவதற்காக என் சின்னம்மா செய்த கோல் அது.

அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ராயபுரத்தில் ரயில் பாதையை ஒட்டிய இதே சந்தில், சின்னம்மா வீட்டில்தான் சாப்பாடு. துறைமுகத்தில் மூட்டை சரிந்து இடுப்பு முறிந்த சித்தப்பா கயிற்றுக் கட்டிலோடு கிடந்தார். இந்தச் சந்தில் எல்லோரும் சேரியிலிருந்து வேதத்தில், அதாவது கிறிஸ்தவத்தில், சேர்ந்தவர்கள். திருவிழாவில் மாதா தேர், மேல்சாதி வேதக்காரர்கள் இருக்கும் பெரிய தெருவில் வாசலுக்கு வாசல் நிற்கும். நம் சந்து முனைக்கு வந்ததும் திரும்பிவிடும். மாலையும் மெழுகுவத்தியும் எடுத்துக்கொண்டு நாங்கள்தான் முனைக்குப் போக வேண்டும். அது வழக்கம். சாவதற்குள் ஒருமுறை மாதா தேர் தம் வீட்டு வாசல் வழியாகப் போக வேண்டும் என்பது சித்தப்பாவின் ஆசை. கட்டிலோடு முனைக்குத் தூக்கிப் போகிறோம் என்றால், "நான் இன்னா பொணமா, தூக்கினு போவ?" என்பார்.

அந்த வருஷம், மாதா கோயிலுக்கு உதவிப் பாதிரியாராகப் புதிதாக வந்த சின்ன சாமியார் ஞாயிறு மாலைகளில் குடும்பம் குடும்பமாக வரச்சொல்லி, கோயில் கூடத்தில் வேட்டியைத் திரையாகக் கட்டி, அமெரிக்கக் கறுப்பு மக்களின் சரித்திரத்தைப் படம் படமாகக் காட்டினார். கப்பலின் அடித்தட்டில் சங்கிலியோடு கிடந்தவர்கள், தாயிடமிருந்து பிரித்து விற்கப்பட்ட பிள்ளைகள், பஸ்ஸில் பின்னால் விரட்டப்பட்டவர்கள், அந்த பஸ்ஸே வேண்டாமென்று நடந்தே வேலைக்குப் போனவர்கள். பெரிய தெருக்காரர்கள் பெஞ்சில், நாங்கள் பாயில். பெஞ்சிலிருந்த பெண்கள் மூக்கைச் சிந்தி அழுதார்கள். திருவிழாக் கமிட்டித் தலைவர் எழுந்து, "வெள்ளக்காரன் மனுசனே இல்ல சாமி" என்று தழுதழுத்தார்.

சின்னம்மா பாயிலிருந்து எழுந்தாள். "அவுங்களப் பின்னால குந்த வெச்சது பாவம்னா, மாதா ஏன் சாமி எங்க சந்து மொனையிலயே திரும்பினு போவுது?"

சாமியார் தலைவரைப் பார்த்தார். தலைவர் கண்ணைத் துடைத்தபடியே, "சந்துல கரண்டு கம்பி தாழ தொங்குதும்மா. தேர் முடியில பட்டா யாரு பதில் சொல்றது?" என்றார்.

"கம்பியத் தூக்கிப் புடிச்சிக்கினா?"

"வந்துட்டுப் போவுது. அதுக்கு இன்னா இப்போ?" என்றார் தலைவர்.

அத்தனை பேர் முன்னால் சொன்ன சொல். சின்னம்மா நம்பினாள். நீள மூங்கிலாகப் பார்த்து வாங்கி, கரண்டு தாக்காதபடி கவையில் ட்யூப் சுற்றினாள். பேசின் பிரிட்ஜ் மின்நிலையப் பக்கமிருந்து கரிச்சாம்பல் சுமந்து வந்து சந்தின் குழிகளை நிரப்பினோம். திருவிழா அன்று சித்தப்பாவுக்குச் சவரம் செய்து, கட்டிலை வாசலோரம் திருப்பிப் போட்டோம். நான் கோலால் கம்பியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

தேர் முனைக்கு வந்தது. தலைவர் உயர்ந்து நின்ற கம்பியைப் பார்த்தார். பிறகு தேர் தூக்கியவர்களுக்குக் கையைத் திருப்பிக் காட்டினார். "நேரமாயிடுச்சும்மா. அடுத்த வருசம் பாக்கலாம்." முன்னால் போன சின்ன சாமியார் ஜெபமாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இன்னாம்மே, பேண்டு சத்தம் அப்பால போவுது?" என்றார் சித்தப்பா.

"போவட்டும்யா. அமெரிக்காவுல நடந்தா அழுவாங்க. நம்ம சந்துல நடந்தா கம்பி தொங்குதும்பாங்க" என்றாள் சின்னம்மா. மாதாவுக்கென்று வாங்கிய மாலை அவள் கையிலேயே இருந்தது.

அடுத்த திருவிழாவுக்குச் சித்தப்பா இல்லை. அந்த முனையை அவர் தாண்டியது எங்கள் தோளில்தான்.

கோயிலில் நடக்கும் உங்கள் ஞானோபதேச வகுப்பிலும் அந்தச் சரித்திரத்தை நடத்துகிறார்களாம். நன்றாகப் படியுங்கள். பஸ்ஸை விட்டு நடந்தார்களே, அந்த நடை சாதாரண நடையல்ல. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து அழுகிறவர் எந்தத் தெருக்காரர் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். நம் சந்துக்கு உயரமான கம்பங்கள் வந்துவிட்டன. கம்பி இப்போது கூரைக்கு மேலே போகிறது. வேலையற்றுப் போன கோல் உங்கள் சட்டைகளைத் தாங்கி நிற்கிறது. தேர் இன்னும் முனையிலேயே திரும்புகிறது.