மேசை பார்த்துத் தருகிறவர்

தலை மேசைக்குள்ளே இருக்கிறது, மற்றதெல்லாம் வெளியே. இழுப்பறையை முழுதாக உருவி ஓரமாக வைத்துவிட்டு, அது இருந்த பொந்துக்குள் அக்கா முகத்தை நுழைத்து மூச்சை இழுக்கிறார். கடைக்காரர் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். அவர் பாடுபட்டு மெருகேற்றி, பித்தளைக் கைப்பிடிகளைப் பளபளவென்று தேய்த்து வைத்திருக்கும் முன்பக்கத்தை அக்கா இன்னும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"எலி குடியிருந்திருக்கு," என்று உள்ளேயிருந்து குரல் வருகிறது. "ரொம்ப நாள் இல்ல. ஒரு மழைக்காலம்."

பழைய சாமான் கடைக்காரர்கள் தங்களுக்குள் அவரை மோப்பம் என்பார்கள். நேரில் பார்த்தால் அக்கா. வீட்டுக்குப் பழைய மேசையோ அலமாரியோ வாங்க ஆசைப்பட்டு, ஆனால் ஏமாந்துவிடுவோமோ என்று பயப்படுகிறவர்கள் அவரைக் கூட்டிக்கொண்டு போவது வழக்கம். வயது ஐம்பத்து நான்கு. தோளில் ஒரு பை. அதில் அளவு நாடா, டார்ச் விளக்கு, கறுப்புக் காகிதம், பாதி எரிந்த மெழுகுவர்த்தி. காகிதத்தை மேசைக்காலுக்குப் பக்கத்தில் விரித்துவிட்டு, மரத்தை நாலு தட்டுத் தட்டுவார். மாவு மாதிரி ஏதாவது உதிர்ந்தால் புழு உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். "சாப்பிட்டுட்டுப் போயிருந்தாப் பரவாயில்ல, இன்னும் சாப்பிட்டுக்கிட்டு இருந்தா வேண்டாம்" என்பது அவருடைய கொள்கை. மெழுகுவர்த்தி, முரண்டு பிடிக்கும் இழுப்பறையின் அடியில் தேய்த்துப் பார்ப்பதற்கு.

போன மாதம் செய்த மேசையை நூறு வருடப் பழசு என்று தலையில் கட்டப் பார்க்கிற கடைகளும் உண்டு. அங்கே அக்கா அதிகம் பேசுவதில்லை. இழுப்பறையைத் தலைகீழாகக் கவிழ்த்து, அதன் அடி விளிம்பில் விரலை ஓட்டுவார். "சங்கிலியால அடிச்சுத் தழும்பு போடலாம், டீத்தண்ணி ஊத்திக் கறை பண்ணலாம். அடி தேயணும்னா யாராவது நெசமாவே தினம் இழுத்து மூடியிருக்கணும்." இதைச் சொல்லிவிட்டு இழுப்பறையைப் பக்குவமாகத் திரும்பச் செருகுவார். அதே கடைக்காரர் அடுத்த முறை நாற்காலி போட்டு உட்காரச் சொல்வார்.

கடைக்குப் போவதற்கு முன்னால் வீட்டுக்குப் போவார். கதவகலம், மாடிப்படி திரும்புகிற இடம், உட்கார்ந்தால் முழங்கால் வரும் உயரம் எல்லாவற்றையும் அளந்து முடித்ததும் அவர் கேட்பது ஒன்றுதான்: "உங்க குப்பையைக் காட்டுங்க." மேசைக்குள் என்னென்ன போகப் போகிறதோ அதையெல்லாம் கட்டிலில் பரப்பச் சொல்வார். பெரிய வக்கீல்கூட முகம் சிவக்க, மூடி இல்லாத பேனாக்களையும் எதற்கென்றே தெரியாத சாவிகளையும் கொண்டுவந்து கொட்டியிருக்கிறார். இது என்ன, இதை ஏன் தூக்கிப் போடவில்லை, இது யார் கொடுத்தது என்று அக்கா ஒவ்வொன்றாகத் துருவுவார். மேசைக்கு அந்த விவரமெல்லாம் தேவையா என்று கேட்டால், தேவைதான் என்பார். எனக்கென்னவோ, பாதி மேசைக்காக, மீதி அவருக்கே தெரிந்தாக வேண்டும் என்பதற்காக என்றுதான் படுகிறது.

சொந்த வீட்டில் கதை வேறு. சமையலறையில், மூடிவிட்ட நூலகம் ஒன்றிலிருந்து வந்த, புத்தக விவர அட்டைகள் அடுக்குகிற மரப் பெட்டகம் நிற்கிறது. அறுபது குட்டி இழுப்பறைகள், ஒன்றிலும் எழுதி ஒட்டவில்லை. ஒரு கரண்டிக்காக அவருடைய கணவர் பதினைந்தை இழுத்துப் பார்த்த காலை வேளைகள் உண்டு. "ஊருக்கெல்லாம் நல்லா தேடித் தர்றா, கரண்டி எந்த டிராயர்னு கேட்டா மட்டும் முழிக்கிறா," என்பது அவருடைய நிரந்தரப் புகார். சொல்லிக்கொண்டே பதினாறாவதை இழுப்பார்.

இப்படிப்பட்ட அக்காவும் ஒரு முறை கோட்டை விட்டார். போன வருடம் அவரைத் தேடி ஒருவர் வந்தார். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை, நாற்பது வயது இருக்கும். கையில் எது கிடைத்தாலும் கைக்குட்டையால் ஒரு துடை துடைத்த பிறகுதான் கீழே வைப்பார். மனைவியும் அவரும் பிரிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. பதினோரு வயது மகள் அம்மாவோடு இருந்தாள். வெள்ளி சாயங்காலம் அப்பா வீட்டுக்கு வந்து ஞாயிறு சாயங்காலம் திரும்பிப் போவாள்.

"பையைப் பிரிக்கவே மாட்டேங்கிறாக்கா," என்றார் அவர். "டிரஸ்ஸ பையிலேர்ந்து எடுத்துப் போட்டுக்கறா, கழட்டினதைப் பையிலயே வைக்கிறா. பல் தேய்க்கிற பிரஷ் கூட அதுக்குள்ளதான். ரயிலுக்குக் காத்திருக்கற மாதிரியே ரெண்டு நாளும் இருக்கா. அவளுக்குன்னு நல்லதா ஒரு மேசை இருந்தா, இதுவும் நம்ம வீடுன்னு தோணும் இல்லையா?"

அக்காவுக்கு மனசு கரைந்துவிட்டது. அதனால்தானோ என்னவோ, புத்தி கொஞ்சம் மழுங்கியது. அளவெடுக்க அவர் போனது ஒரு புதன்கிழமை. பெண் இல்லை. அவளுடைய குப்பைக்குப் பதிலாக அப்பா கட்டிலில் பரப்பி வைத்திருந்தது எல்லாம் புத்தம் புதுசு: சீவாத பென்சில்கள், கிழிக்காத உறையில் நோட்டுகள், விலைச்சீட்டுகூடப் பிய்க்காத வண்ணப் பெட்டி. அங்கேயே அக்காவுக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. அந்தச் சாமான்களுக்கு ஏற்றதாக, மேற்பலகையின் பின்னோரத்தில் பதினான்கு சின்னத் தடுப்பறைகள் வைத்த, கண்ணைப் பறிக்கும் ஒரு மேசையைப் பார்த்துக் கொடுத்தார். அப்பாவே பதினான்கையும் நிரப்பி, நேராக அடுக்கி, ஒரு துடை துடைத்து வைத்தார்.

ஐந்து வாரம் ஓடியது. அந்த மேசையின் மேல் மகள் வைத்தது ஒன்றே ஒன்று, அந்தப் பை.

செய்தி கேட்டு அக்காவுக்கு அவமானமாகப் போய்விட்டது. அடுத்த சனிக்கிழமை நேராகப் போய்க் கட்டிலில் அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பையின் வார் அவள் கணுக்காலில் ஒரு சுற்றுச் சுற்றியிருந்தது.

"மேசை பிடிக்கலையா?"

"நல்லா இருக்கு ஆன்ட்டி."

"நல்லா இருக்குன்னு எனக்கும் தெரியும். பிடிக்கலையா?"

அவள் கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலை இறக்கினாள். "திங்கக்கிழமை நான் இங்க இருக்க மாட்டேன்ல. அப்ப அப்பா எல்லாத்தையும் எடுத்துத் தொடைப்பாரு. தொடைச்சு அழகா அடுக்கி வச்சிருவாரு. அப்புறம் அது என்னோடது மாதிரியே இருக்காது."

அக்காவுக்குச் சுருக்கென்றது. உட்காரப் போகிறவளைப் பார்க்காமலே மேசை பார்த்தது தப்பு. இப்போதாவது ஒழுங்காக ஆரம்பிக்கலாம் என்று, "சரி, உன் குப்பையைக் காட்டு," என்றார்.

"மாட்டேன்."

இருபது வருடத் தொழிலில் யாரும் அவரிடம் அப்படிச் சொன்னதில்லை. அந்தப் பைக்குள் என்ன இருக்கும் என்கிற கேள்வி அன்றிலிருந்து அவரைப் பாடாய்ப் படுத்தியது. கணவரிடம் சொல்லிப் புலம்பினார். அவர், உனக்கு எதற்கு அந்த வம்பு என்றார். கூழாங்கல்லா, கடிதமா, அம்மா வீட்டு ஞாபகம் ஏதாவதா என்று அக்கா பாட்டுக்கு யோசித்துக்கொண்டே இருந்தார்.

அதே வேகத்தில் மறுநாள் ஞாயிறு காலையே அப்பாவையும் மகளையும், அந்த மேசையை விற்ற கடைக்காரரின் கிடங்குக்குக் கூட்டிக்கொண்டு போனார். இந்தத் தடவை அக்கா வாயே திறக்கவில்லை, அதற்கு அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். மகள் பளபளப்பானவற்றையெல்லாம் தாண்டிப் போய், மூலையில் கிடந்த ஒரு குமாஸ்தா மேசைக்கு முன்னால் நின்றாள். மேலே மைக்கறை, ஒரு காலுக்கு அடியில் அட்டை முட்டுக்கொடுத்திருந்தது, நல்ல ஆழமான ஒரே ஒரு இழுப்பறை. அதில் சாவி தொங்கியது. பூட்டினாள், திறந்தாள், பூட்டினாள். எட்டு ஒன்பது தடவைக்குப் பிறகு கடைக்காரரைப் பார்த்து, "இன்னொரு சாவி இருக்கா?" என்று கேட்டாள்.

"ஒண்ணுதாம்மா," என்றார் அவர், குறையை ஒப்புக்கொள்கிற குரலில். "தொலைச்சா உடைச்சுத்தான் எடுக்கணும்."

"டூப்ளிகேட் போட்டுக்கலாம்," என்றார் அப்பா.

அக்கா அவரைப் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு அதோடு நின்றது. மெழுகு தேய்த்துப் பார்த்ததும், மாவு உதிர்கிறதா என்று தட்டிப் பார்த்ததும் அதற்குப் பிறகுதான். பதினான்கு தடுப்பறை மேசையைத் திரும்ப எடுத்துக்கொண்டு கடைக்காரர் இதை அனுப்பி வைத்தார்.

மூன்றாவது வாரம், ஒரு திங்கட்கிழமை காலை அப்பா தொலைபேசியில் கூப்பிட்டார். "பூட்டிட்டுப் போயிருக்காக்கா. சாவி அவகிட்ட. பை எப்பவும் போலத்தான் இருந்துச்சு, கனம் கொறைஞ்சுதான்னு தெரியல. உள்ள ஏதாவது வச்சாளா, இல்ல ஏன் மேசையைத் தொடலைன்னு நான் கேப்பேன்னு சும்மா பூட்டிட்டுப் போயிட்டாளா?"

"நான் வர்றேன்," என்றார் அக்கா. குரலில் அவசரம் தெரிந்துவிடாமல் இருக்கப் பார்த்தார், தெரிந்துவிட்டது.

அறையில் மேசை ஜன்னலோரம் இருந்தது. அதன் மேல் மெல்லிய தூசி படிந்திருந்தது. அப்பா கைக்குட்டையைச் சுருட்டிக் கைக்குள் இறுக்கிக்கொண்டு, இரண்டடி தள்ளியே நின்றார். அக்கா மண்டியிட்டுச் சாவித் துவாரத்தில் டார்ச் அடித்துப் பார்த்தார். இருட்டுதான் தெரிந்தது.

"ஒண்ணுமே இல்லைன்னா, அவ இன்னும் வரவே இல்லைன்னுதானேக்கா அர்த்தம்?" என்றார் அப்பா. சற்றுப் பொறுத்து, "பூட்டுத் திறக்கற ஆளுங்க இருப்பாங்கல்ல?"

"இருக்காங்க. ரெண்டு பேரை எனக்கே தெரியும்."

சொல்லிவிட்டு அக்கா டார்ச்சை அணைத்துப் பைக்குள் போட்டார். பிறகு அக்கா எழுந்து மேசையின் வலது பக்கம் போனார். குனிந்து, இரண்டு கைகளையும் விளிம்புக்கு அடியில் கொடுத்து, நாலு விரற்கடை உயரத்துக்கு மெல்லத் தூக்கினார்.

ஒன்றும் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் தூக்கினார்.

உள்ளே ஏதோ ஒன்று உருண்டது. உருண்டு போய் இடது பக்கப் பலகையில் டொக்கென்று முட்டியது. அதன் பின்னாலேயே, சின்னதாக இன்னொன்று.

அப்பா மூச்சை விட்டார். அக்கா, உள்ளே இருப்பது எதுவும் மறுபடி அசைந்துவிடாதபடி, பல்லைக் கடித்துக்கொண்டு மேசையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தரையில் இறக்கினார்.