டிரஸர் கையின் சூடு

கிளாரன்ஸ் ராஜநாயகம் தன் வலது உள்ளங்கையைப் பற்றி அடித்துக்கொண்ட தம்பட்டத்துக்கு அளவே கிடையாது. ரிங்லெட் என்ற மலையூருக்கு மேலே இருந்த தேயிலைத் தோட்டத்தில் அவர்தான் டிரஸர். ஆறு கட்டில் ஆஸ்பத்திரிக்கு டாக்டரும் கம்பவுண்டரும் அவரே. இருந்த ஒரே தெர்மாமீட்டரை ஜப்பான்காரன் வந்த முதல் வாரமே கொண்டுபோய்விட்டான். "போகட்டும் லா, என் கை இருக்கு" என்றார். அடைகாக்கும் கோழியைத் தொட்டே எத்தனை முட்டை கூமுட்டை என்று அந்தக் கை சொல்லிவிடுமாம். அதில் பாதி பொய். மீதியையும் பிற்பாடு அவரே சிரித்துக்கொண்டு வாபஸ் வாங்கினார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றில், மலேரியாவுக்கான கொயினா மாத்திரை வாங்க அடிவாரத்துத் தாப்பா டவுனுக்கு இறங்கினார். கிடைத்தது இருபதே மாத்திரை. கூடவே மலேரியாவும் அவரோடு மலையேறி வந்தது. உடம்பு கொதித்தது. ஆனால் டிரஸர் படுப்பதாவது! தோட்டமே தன் தோளில் நிற்பதாக அவருக்கு நினைப்பு. கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்த்து, "ஒண்ணுமில்ல, சோம்பேறித்தனம்" என்று தனக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டு, மரவள்ளிக்கிழங்கை மென்றபடி பெரட்டுக்குப் போனார்.

காலையில் ஆட்களைப் பெயர் கூப்பிட்டு நிறுத்தும் அந்தப் பெரட்டில், அவர் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சல் என்றால்தான் அன்றைக்கு லீவு. மூன்று நாளாக ஒரு நெற்றியும் சுடவில்லை.

"பாத்தியா பிலோமி, என் வைத்தியத்துல காய்ச்சலே ஓடிப்போச்சு!" என்றார் ஆஸ்பத்திரி ஆயாவிடம், பல் தந்தியடிக்க.

நான்காம் நாள், கொழுந்து பறிக்கும் செல்லம் தள்ளாடிக்கொண்டு வந்து நின்றாள்.

"நேத்தே சொன்னேங்கய்யா, குளிர் தாங்கல."

தொட்டார். "ஐஸ் மாதிரி இருக்கு புள்ள. நடிக்காம போ."

நாலடி வைத்தவள் கூடையோடு சரிந்தாள். ஓடிப்போய்த் தாங்கிய பிலோமி அவள் கழுத்தைத் தொட்டதும் கையை உதறினாள். செல்லத்தை இரண்டு பேரிடம் ஒப்படைத்துவிட்டு, நேராக வந்து டிரஸரின் கையைப் பிடித்தாள்.

"ஐயா, இது கையா, அடுப்பா? அடுப்புக்கு எது சுடும்? மூணு நாளா எத்தன பேர காய்ச்சலோட மலைக்கு அனுப்புனீங்க!"

ராஜநாயகம் எண்ணிப் பார்த்தார். செல்லத்தோடு சேர்த்து ஒன்பது பேர். ஒவ்வொரு முகமும் ஞாபகம் வந்தது.

"மாத்திரை எல்லாத்தையும் அவங்களுக்கே குடு" என்றார்.

"உங்களுக்கும் உண்டு."

"நான் டிரஸர், பிலோமி."

"டிரஸர் செத்தா ஜப்பான்காரன் வேற ஆள் அனுப்புவானா? படுங்கய்யா!"

படுத்தார். பிலோமி மற்ற எட்டுப் பேரையும் லைன் வீடுகளிலிருந்து அழைத்துவந்து, கட்டிலுக்கு இரண்டு பேராகக் கிடத்தினாள். காலையில் பெரட்டுக்கும் அவளே போனாள். ராஜநாயகம் போர்வைக்குள் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்: இதோ ஏதாவது குளறுபடி நடக்கும், ஐயா ஐயா என்று ஓடிவருவார்கள். ஒருவரும் வரவில்லை. அவர் படுத்த ஐந்தாம் நாள் செல்லம் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாள். தான் தொடாமலே பிழைத்துக்கொண்டாளே என்று அவருக்குக் கண்ணில் நீர் வந்தது. அதில் கொஞ்சம் ரோஷமும் இருந்தது.

மறுநாள் பிலோமி வந்து, "எந்திரிக்கிறீங்களா?" என்றாள்.

ஒரு நாள் லீவுக்கே ஆளை மூன்று கேள்வி கேட்கும் மனிதர், போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டார்.

"இன்னும் ரெண்டு நாள் படுத்துக்கட்டுமா, பிலோமி?"