சாமிக்கு முதல் கலயம்

ஆவுடையப்பன் இராஜபாளையத்தில் பருத்தி வண்டி ஓட்டுகிறவர். சித்திரைக் கோயில் கொடை நாளில் மட்டும் சுந்தரபாண்டியத்தில் அவர் சொல்தான் சொல்.

சுற்றுவட்டாரப் பனையேறிகள் ஒன்பது பேர் அன்று காலை இறக்கிய கள்ளைக் கோயில் திடலுக்குக் கொண்டுவருவார்கள். எல்லாவற்றையும் ருசி பார்த்து, சாமிக்கு முதலில் வைக்க வேண்டிய கலயத்தை ஆவுடையப்பன் காட்டுவார். அந்தக் கலயத்துக்காரருக்குக் கோயில் பனை நாற்பதும் ஒரு வருஷத்துக்குச் சொந்தம். உள்ளூரில் ஆவுடையப்பனுக்கு உறவு யாரும் கிடையாது. அதனால்தான் இந்த வேலையை அவரிடம் கொடுத்திருந்தார்கள்.

கேப்பைக் கூழ் மட்டும் குடித்துவிட்டு வருவார். கருவாடு தொடமாட்டார். கலயத்துக்கு ஓலைப்பட்டையில் ஒரே மடக்கு, பிறகு வாய் கொப்பளிப்பு, திடலைச் சுற்றி ஒரு நடை. முதல் கலயத்திலேயே முட்டக் குடித்தவர்கள் மத்தியானம் புளியமரத்தடியில் கிடப்பார்கள். இவர் பொழுது சாயும்வரை வில்லுப்பாட்டுக் கேட்பார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இரண்டில் பனையேறி மலைச்சாமிக்குச் சொந்த மரம் ஒன்றுகூட மிஞ்சவில்லை; பிறர் மரத்தில் வாரத்துக்கு ஏறிக்கொண்டிருந்தார். கோயில் மரம் கிடைக்காவிட்டால் கண்டித் தேயிலைத் தோட்டத்துக்குக் கப்பலேறுவதென்று முடிவு செய்திருந்தார்; அது எல்லோருக்கும் தெரியும்.

ஊர் எல்லையில் மரியாதைக்குத் தரும் வெற்றிலையை ஆவுடையப்பன் எப்போதும் மடியில் முடிந்துகொள்வார். அந்த வருஷக் கொடையன்று பனையேறி மாரிச்சாமியோடு காளை விலை பேசிக்கொண்டே வாயில் போட்டுவிட்டார். சுண்ணாம்பு கூடுதல். நாக்கு வெந்துவிட்டது. முதல் கள் தண்ணீராக இருந்தது. இரண்டாவதும். மூன்றாவது மலைச்சாமியுடையது, அதுவும் தண்ணீர்.

"என்ன அண்ணாச்சி, மூஞ்சி கோணுது?" என்றார் மலைச்சாமி.

"சுண்ணாம்பு சுட்டுருச்சுப்பா. ஒரு ருசியும் தெரியல."

"ஏதாவது ஒண்ணைக் காட்டிட்டுப் போம்வே," என்றார் மாரிச்சாமி. "சாமியா வந்து கேக்கப் போவுது?"

"கண்டிக்குப் போறவன் கேப்பானே. சாயந்தரம் பாளை சீவி இறக்குவீங்கல்லா? அதைக் கொண்டாங்க. அதுக்குள்ள நாக்கு ஆறிரும்."

சாமிக்கு ஆகாத காலைக் கள் இப்போது எல்லோருக்கும் பொது. பனையேறிகளும் கலயத்தைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். மலைச்சாமி ஒரு சொட்டுத் தொடவில்லை.

சாயங்காலம் ஆறு பேருக்கு எழுந்திருக்கவே முடியவில்லை. மூன்று கலயங்கள்தான் வந்தன. ஆவுடையப்பன் குடித்தார், கொப்பளித்தார், நடந்தார், இரண்டாந்தரமும் குடித்தார். மலைச்சாமியின் கலயத்தைத் தொட்டுக் காட்டினார்.

"நாங்க ஏறியிருந்தா தெரிஞ்சிருக்கும் சேதி," என்று புளியமரத்தடியிலிருந்து மாரிச்சாமி கத்தினார்.

"இப்பவும் வெளிச்சம் இருக்குலே, ஏறு. செத்த நேரம் நிக்கேன்," என்றார் ஆவுடையப்பன்.

மாரிச்சாமி எழுந்தார், மரத்தைப் பிடித்தார், உட்கார்ந்தார். மலைச்சாமி கலயத்தைச் சாமி முன்னால் வைத்துவிட்டு, இருட்டும்முன் நாற்பது மரத்தையும் பார்த்துவர நடந்தார்.